முனாழராக் கலையை எங்கிருந்து தொடங்குவது? மன்உ, நக்ழ், முஆரழா மூன்றும் குழம்புது

சோனகதெரு மாணவன்:

அஸ்ஸலாமு அலைக்கும்.

ஆதாபுல் பஹ்ஸி வல்முனாழரா, அதாவது முறையாக வாதிடும் கலை, அந்தப் பாடத்தை ஒழுங்காகப் படிக்க விருப்பம். அரபு இலக்கணத்தில் நஹ்வு, ஸர்ஃப் ஓதி முடிஞ்சுது. ஃபிக்ஹில் (மார்க்கச் சட்டத்தில்) ஃபத்ஹுல் முஈன் கிதாப் அரைவாசி தாண்டியாச்சு. மன்திக்கில் (தருக்கத்தில்) ஈஸாகூஜி எண்ட ஆரம்ப நூல் மட்டும்தான், அதிலும் கியாஸ் (கூற்றுகளைச் சேர்த்து முடிவு எடுக்கிறது) பகுதி இன்னும் கைக்குப் பிடிபடேல்லை. நாங்கள் நாலு பேர் மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் இருந்து வாசிக்கிறோம்.

எந்தக் கிதாபில் தொடங்கி எதுக்குப் போறது? மன்திக் இன்னும் எவ்வளவு வேணும்? மன்உ, நக்ழ், முஆரழா எண்ட மூன்று வகை மறுப்புக்கும் வரைவிலக்கணம் பாடம். ஆனால் ஒருவர் ஒரு தலீலை (ஆதாரத்தை)ச் சொன்ன உடனே, நான் சொல்லுற மறுப்பு இந்த மூன்றில் எது எண்டு பிரிக்க ஏலாமல் கிடக்கு. கடைசியாக, நாலு பேர் தமிழிலேயே பயிற்சி செய்யிறதெண்டால் எப்படி?

மேடைச் சண்டைக்காக இல்லை. ஒரு ஃபிக்ஹ் மஸ்அலாவை (சட்டப் பிரச்சினையை) இரண்டு பக்கமும் நின்று பார்க்கப் பழக வேணும். தெரிந்தவர்கள் விளக்கினால் பெரிய உதவி.

---

கிதாப் வாசகர்:

வ அலைக்குமுஸ்ஸலாம் தம்பி. கிதாப் வரிசை பிறகு வரட்டும். உங்கள் மூன்றாவது கேள்விதான் இந்தக் கலையின் நடு, அதை முதலில் பிரிப்போம்.

சபையில் இரண்டு பேர். ஒரு கூற்றை நிறுவ இறங்கியவர் முஅல்லில். அதைச் சோதிப்பவர் ஸாயில். நிறுவும் கடமை முஅல்லிலுடையது. ஸாயில் கேட்டாலே போதும், நிறுவத் தேவையில்லை. அந்தக் கடமை இந்த நிமிடம் யார் கையில் இருக்கிறது என்பதை ஒவ்வொரு வசனத்திலும் கவனியுங்கள். மற்ற விதிகள் எல்லாம் அதிலிருந்துதான் பிறக்கின்றன.

ஒரே மஸ்அலாவை வைத்து மூன்றையும் காட்டுகிறேன். முஅல்லில் ஷாஃபிஈ மத்ஹபைச் (சட்டப் பள்ளியைச்) சேர்ந்தவர். தஃவா (நிறுவ வேண்டிய கூற்று): வுழூவுக்கு (தொழுகைக்காகக் கழுவிச் சுத்தமாவதற்கு) நிய்யத் (மனதில் எண்ணம் வைப்பது) கட்டாயம். அவருடைய தலீல்: வுழூ ஒரு தஹாரா, அதாவது மார்க்கச் சுத்தம் (இது ஸுக்ரா, சிறு கூற்று). ஒவ்வொரு தஹாராவுக்கும் நிய்யத் கட்டாயம் (இது குப்ரா, பெருங் கூற்று). ஆகவே வுழூவுக்கு நிய்யத் கட்டாயம்.

மன்உ என்றால் தலீலுக்குள் இருக்கும் ஒரு முகத்திமாவை (முடிவுக்கு அடிப்படையான கூற்றை)க் குறித்துக் காட்டி, "இதை ஏற்கவில்லை, நிறுவுங்கள்" என்பது. "ஸுக்ரா சரி. குப்ராவை ஏற்கவில்லை." இவ்வளவு போதும், மன்உ முடிந்தது. விரும்பினால் ஒரு ஸனத் சேர்க்கலாம்: "நஜீஸை (அசுத்தத்தை)க் கழுவுவதும் தஹாராதான். அதற்கு நிய்யத் தேவைப்படாமல் இருக்கக் கூடாதா?" ஸனத் உங்கள் மறுப்பைத் தாங்கிப் பிடிக்கும் முண்டு மட்டுமே. அதை நீங்கள் நிறுவ வேண்டியதில்லை.

நக்ழ் (முழுப்பெயர் நக்ழ் இஜ்மாலீ) எந்த முகத்திமாவையும் குறிப்பாகத் தொடாது. முழுத் தலீலையும் அப்படியே தூக்கி இன்னொரு இடத்தில் வைத்துப் பார்க்கும். "உங்கள் தலீல் இதே வடிவில் உடுப்பில் பட்ட நஜீஸைக் கழுவுவதிலும் ஓடுகிறது. அங்கே நிய்யத் கட்டாயமில்லை என்று உங்கள் மத்ஹபே சொல்கிறது. தலீல் இருந்தும் முடிவு வராமல் போன இடம் இது. ஆகவே இந்தத் தலீலில் பிழை உண்டு." இப்படிக் காட்டும் இடத்துக்கு ஷாஹித் என்று பெயர். ஷாஹித் இல்லாத நக்ழ் வெறும் பிடிவாதம், அதை எவரும் கேட்க வேண்டியதில்லை. தலீலை ஏற்றால் தவ்ர் (வட்டமாகத் திரும்பி வருவது) அல்லது தஸல்ஸுல் (முடிவில்லாமல் தொடர்வது) போன்ற ஒரு முஹால் (நடக்க முடியாதது) வந்து விழும் என்று காட்டுவதும் நக்ழ்தான். ஃபிக்ஹில் அது குறைவு, கலாமில் (இறையியலில்) அதிகம்.

முஆரழா உங்கள் தலீலை அப்படியே விட்டுவிடும். பக்கத்தில் இன்னொரு தலீலை நிறுத்தி நேர் எதிரான முடிவுக்குப் போகும். "வுழூ தண்ணீரால் செய்யும் தஹாரா. தண்ணீரால் செய்யும் தஹாராவுக்கு, நஜீஸைக் கழுவுவதைப் போலவே, நிய்யத் தேவையில்லை. ஆகவே வுழூவுக்கும் தேவையில்லை." இது ஹனஃபீ மத்ஹபினரின் பழைய கியாஸ், இங்கே ஒப்புமை வாதம்.

நஜீஸைக் கழுவும் உதாரணம் மூன்றிலும் வந்ததைப் பார்த்தீர்களா? நீங்கள் குழம்புவதற்குக் காரணம் இதுதான். சரக்கு ஒன்று, அதை எங்கே குறி வைக்கிறீர்கள் என்பதுதான் வேறு. ஒரு முகத்திமாவைக் குறி வைத்தால் மன்உ, முழுத் தலீலையும் வைத்தால் நக்ழ், முடிவை வைத்தால் முஆரழா. வாயைத் திறக்க முன் "எதைக் குறி வைக்கிறேன்?" என்று கேட்டுப் பாருங்கள், பெயர் தானாக வரும்.

கடமை கைமாறும் இடத்தையும் கவனியுங்கள். மன்உ செய்யும்வரை பாரம் முஅல்லில் பக்கம். நக்ழும் முஆரழாவும் செய்தவுடன் ஸாயில் தானே ஒன்றை நிறுவ முற்படுகிறார். அப்போது அவர் முஅல்லில் ஆகிறார், முன்னவர் அவருடைய தலீல் மீது மன்உ செய்யலாம்.

பெரும்பாலானவர்கள் வழுக்குவது இங்கே: முஅல்லில் ஒரு முகத்திமாவைச் சொல்லி அதற்கு இன்னும் ஆதாரம் காட்டாமல் இருக்கும்போதே, ஸாயில் பாய்ந்து அது பிழை என்று நிறுவத் தொடங்குகிறார். இதற்குக் கஸ்ப் என்று பெயர். முஅல்லிலின் பதவியை ஸாயில் பறித்துக்கொள்கிறார். முஹக்கிக்கான (ஆழ்ந்து ஆராய்ந்த) ஆலிம்களில் பெரும்பாலோர் அதைச் செவிமடுக்கத் தகாதது என்றார்கள். காரணம் நடைமுறையானது: பாரம் இரண்டு தோளிலும் ஏறிவிட்டால் பேச்சு எங்கே முடிய வேண்டும் என்று ஒருவருக்கும் தெரியாது.

இனிக் கிதாப். ஈஸாகூஜியோடு நிற்க வேண்டாம். அதன் கியாஸ் பகுதியைத் திரும்ப ஓதுங்கள், முதல் ஷக்லும் (கியாஸின் முதல் வடிவம்) கியாஸ் இஸ்திஸ்னாயீயும் ("இது இருந்தால் அது" போன்ற வகை) நித்திரையிலும் வர வேண்டும். பிறகு தனாகுழ் (கூற்றுகளின் நேர் முரண்). பிறகு நிஸபுல் அர்பஃ, அதாவது இரண்டு குல்லீகளுக்கு (பொதுக் கருத்துகளுக்கு) இடையிலான நாலு உறவுகள். இது ஷம்ஸிய்யா என்ற மன்திக் நூலில் விரிவாக இருக்கிறது. முனாழராவுக்கு இவ்வளவு மன்திக் போதும். அல்-அக்ழரீயின் ஸுல்லம் என்ற மன்திக் நூல் 140 சொச்சம் பைத் (செய்யுள்). பாடமாக்க விருப்பமிருந்தால் நல்லது, கட்டாயமில்லை.

முனாழராவில் முதல் மத்ன் (சுருக்க மூல நூல்) ஈஜீயின் (மறைவு ஹி. 756) அழுதிய்யா. ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும், பாடமாக்குங்கள். ஆனால் அது அவ்வளவு சுருக்கம், ஷரஹ் (விரிவுரை) இல்லாமல் தனியே வாசித்தால் ஒன்றும் பிடிபடாது. அதனால் கூடவே தாஷ்குப்ரீ ஸாதாவின் (ஹி. 968) ரிஸாலாவை எடுங்கள். அதற்கு அவரே ஷரஹும் எழுதியிருக்கிறார். மூன்றாவதாக ஸாஜக்லீ ஸாதாவின் (ஹி. 1145) வலதிய்யா. தன் மகனுக்காக எழுதியது என்பதால் படிப்படியாக ஏறும். இந்திய உபகண்டத்தின் தர்ஸே நிஸாமி பாடத்திட்டத்தில் வழக்கமாக ஓதுவது ரஷீதிய்யா. ஸையித் ஷரீஃப் ஜுர்ஜானீயின் (ஹி. 816) ஷரீஃபிய்யாவுக்கு ஜவ்ன்பூரைச் சேர்ந்த அப்துர் ரஷீத் எழுதிய ஷரஹ் அது. ஆழமானது, ஆனால் முதற் கிதாபாக வைத்தால் மாணவன் மத்னை விட்டுவிட்டு வார்த்தை ஆராய்ச்சியில் மாட்டிக்கொள்வான். அதை நாலாவதாக வையுங்கள்.

உஸ்தாத் கிடைக்காமல் தனியே வாசிப்பவர்களுக்கு 20ஆம் நூற்றாண்டு நூல்கள் இரண்டு உதவும். எகிப்தின் முஹம்மத் முஹ்யித்தீன் அப்துல் ஹமீத் எழுதிய ரிஸாலா தெளிந்த அரபியில், உதாரணங்களோடு இருக்கும். முஹம்மத் அல்-அமீன் ஷின்கீதீயின் நூலில் முதல் பாகம் மன்திக், இரண்டாம் பாகம் முனாழரா, அதனால் உங்களுக்கு இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்கும்.

---

மூர் வீதி ஆலிமா:

மேலே உள்ளது நல்ல விளக்கம். அந்த மஸ்அலாவை இன்னும் ஒரு படி கொண்டுபோக வேண்டும், ஏனெனில் நக்ழ் வந்த பிறகு முஅல்லில் என்ன செய்வார் என்பதில்தான் பயிற்சி இருக்கிறது.

நக்ழுக்கு அவருக்கு இரண்டு வழி. ஒன்று, "என் தலீல் அங்கே ஓடவில்லை" என்பது. மற்றது, "ஓடுகிறது, ஆனால் முடிவு அங்கேயும் பொருந்துகிறது" என்பது. நஜீஸ் விஷயத்தில் இரண்டாவது ஏலாது, ஏனெனில் அதற்கு நிய்யத் தேவையில்லை என்று நம் மத்ஹபே சொல்கிறது. முதலாவதும் இப்போதுள்ள வசனத்தோடு ஏலாது, "ஒவ்வொரு தஹாராவும்" என்று அவரே சொல்லிவிட்டார். எனவே அவர் தலீலைத் திருத்த வேண்டும். இங்கே மாணவர்கள் வழக்கமாகச் சொல்வது: "வுழூ ஹதஸை (தொழத் தடையாகும் சுத்தமின்மையை) நீக்கும் தஹாரா. ஹதஸை நீக்கும் தஹாராவுக்கு நிய்யத் கட்டாயம், தயம்மும் (தண்ணீருக்குப் பதிலாக மண்ணால் செய்யும் சுத்தம்) போல."

இது ஷாஃபிஈக்குப் பொருந்தாது. நம் மத்ஹபில் தயம்மும் ஹதஸை நீக்காது, தொழுகையை ஆகுமாக்கும், அவ்வளவுதான். ஹதஸை நீக்கும் தஹாராவுக்குத் தயம்முமை உதாரணம் காட்டினால் சொந்த வீட்டுக்குள்ளேயே உதாரணம் உடைந்து போகும். "ஹதஸ் காரணமாகச் செய்யும் தஹாரா" என்று சொன்னால் வுழூவும் தயம்முமும் இரண்டும் உள்ளே வரும், நஜீஸ் கழுவுவது வெளியே போகும். ஒரு வார்த்தை மாறினால் ஒரு தலீல் நிற்கிறது. நாலு பேரும் இருந்து இந்த மாதிரி வார்த்தைகளைத்தான் தேட வேண்டும்.

தயம்முமைத் தேர்ந்தது ஏன் என்பதையும் பாருங்கள். அதற்கு நிய்யத் வேண்டும் என்று ஹனஃபீகளும் ஒத்துக்கொள்கிறார்கள் (இமாம் ஸுஃபர் நீங்கலாக). எதிர்த்தரப்பு ஏற்றுக்கொண்டதிலிருந்து தொடங்கினால் அந்தப் படியில் மன்உ வராது. ஆனால் எதிர்த்தரப்பவர் வேறு வழியில் வருவார்: "மண் இயல்பில் சுத்தம் செய்யும் பொருள் இல்லை, அதனால் அங்கே நிய்யத் வேண்டியிருந்தது. தண்ணீர் இயல்பிலேயே சுத்தம் செய்கிறது." அதற்கும் பதில் தேடி வையுங்கள்.

பயிற்சி முறை: நாலு பேருக்கு நாலு வேலை. ஒருவர் முஅல்லில், ஒருவர் ஸாயில், ஒருவர் எழுதுபவர், ஒருவர் பார்ப்பவர். எழுதுபவர் ஒரு தாளை மூன்று நிரலாகப் பிரிக்க வேண்டும்: சொன்ன வசனம், அதன் பெயர் (தஃவா, முகத்திமா, மன்உ, ஸனத், நக்ழ்...), இப்போது பாரம் யாரிடம். பார்ப்பவர் மஸ்அலாவைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. கஸ்ப் வந்தால் கையை உயர்த்தி நிறுத்துவது மட்டும் அவர் வேலை. ஒரு மஸ்அலாவுக்கு 20 நிமிடம், பிறகு 10 நிமிடம் அந்தத் தாளை வாசிப்பு. அடுத்த நாள் அதே மஸ்அலாவில் முஅல்லிலும் ஸாயிலும் இடம் மாற வேண்டும். மஸ்அலாவை மாற்ற அவசரப்படாதீர்கள். ஒரே மஸ்அலாவில் நாலு பேரும் நாலு வேலையும் பார்த்து முடிந்த பிறகுதான் அடுத்தது.

தொடங்க முன் ஐந்து நிமிடம் தஹ்ரீருக்கு, அதாவது சண்டை எந்தப் புள்ளியில் என்று இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்வதற்கு. "நிய்யத் கட்டாயம்" என்றால் வுழூ கூடுவதற்கா (செல்லுபடியாவதற்கா), நன்மை கிடைப்பதற்கா? நிய்யத் இல்லாத வுழூ இபாதத் (வணக்கம்) ஆகாது, நன்மை பெறாது என்று ஹனஃபீகளும் சொல்கிறார்கள். தொழுகைக்குத் திறப்பாக அது போதுமா என்பதில்தான் கருத்து வேறுபாடு. இதைப் பேசாமல் தொடங்கினால் 20 நிமிடமும் எதிராளி மறுக்காத ஒன்றை நிறுவுவதிலேயே போய்விடும்.

தமிழில் செய்வதற்கு வாய்ப்பாடுகளை முதலே எழுதி முன்னால் வையுங்கள். மன்உக்கு: "இந்த முகத்திமாவை ஏற்கவில்லை." ஸனத் மூன்று விதமாக வரும், அரபியில் உள்ள மூன்றுக்கும் தமிழில் நேர் உண்டு: "ஏன் இப்படி இருக்கக் கூடாது?", "அது இன்னதாக இருந்தால்தானே நீங்கள் சொல்வது வரும்?", "நிலைமை இப்படி இருக்க, அது எப்படி?" நக்ழுக்கு: "இதே தலீல் அங்கேயும் ஓடுகிறது, முடிவு அங்கே இல்லை." முஆரழாவுக்கு: "உங்கள் தலீல் ஒரு பக்கம் இருக்கட்டும், எதிர்முடிவுக்கு என்னிடம் தலீல் உண்டு." முதல் சில வாரம் இந்த வசனங்களைத் தவிர வேறு விதமாக மறுக்கக் கூடாது. பேச்சு கொஞ்சம் கட்டையாக இருக்கும், பரவாயில்லை.

---

சோனகதெரு மாணவன்:

ஜஸாக்கல்லாஹு கைரன் நானா, ராத்தா. "எதைக் குறி வைக்கிறேன்" எண்டதில் மூன்றும் விளங்கிற்று. ஒரு சந்தேகம்: நான் மன்உ செய்து ஸனத் சொன்னால், முஅல்லில் என்ர ஸனதை உடைச்சுப் போட்டு "உன் மறுப்பு முடிஞ்சுது" எண்டு சொல்ல ஏலுமா?

---

கிதாப் வாசகர்:

சில இடத்தில் ஏலும், பெரும்பாலும் ஏலாது. நிஸபுல் அர்பஃ ஓதச் சொன்னதே இதற்காகத்தான்.

ஸனதை எப்போதும் மறுக்கப்பட்ட முகத்திமாவின் நகீழோடு, அதன் நேர் எதிர்க் கூற்றோடு, வைத்து அளக்க வேண்டும். கிதாபுகளில் வரும் உதாரணத்தையே எடுங்கள். முகத்திமா: "தூரத்தில் தெரியும் அது மனிதன் இல்லை." நகீழ்: "அது மனிதன்." ஸாயில் "ஏன் அது நாதிக்காக (பகுத்தறிந்து பேசுவதாக) இருக்கக் கூடாது?" என்றால் ஸனத் நகீழுக்குச் சமம், ஏனெனில் நாதிக்கும் மனிதனும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்துபவை. அதை உடைத்தால் நகீழும் உடைந்தது, முகத்திமா நிறுவப்பட்டது. முஅல்லிலுக்கு லாபம்.

"ஏன் அது ஸைதாக (ஸைத் என்ற ஒரு ஆளாக) இருக்கக் கூடாது?" என்றால் ஸனத் குறுகியது. ஸைத் இல்லை என்று ஆயிரம் ஆதாரம் கொண்டுவந்தாலும் அது வேறொரு மனிதனாக இருக்கலாம். மன்உ அப்படியே நிற்கிறது, முஅல்லிலின் உழைப்பு வீண். "ஏன் அது உயிருள்ளதாக இருக்கக் கூடாது?" என்பது அகன்றது. அது ஸனதாகவே நிற்காது. உயிருள்ளது என்பதால் மனிதன் என்று வந்துவிடாது, ஆகவே அது மறுப்பைத் தாங்கவில்லை.

நடைமுறையில் ஸாயில்கள் கொண்டுவருவதில் பெரும் பகுதி குறுகிய ஸனத். முஅல்லில் அதைத் துரத்திக்கொண்டு போய் நேரத்தைத் தொலைக்கிறார். ஸனத் வந்ததும் முஅல்லில் தனக்குள் கேட்க வேண்டியது: "இது உடைந்தால் என் முகத்திமா நிறுவப்படுமா?" இல்லை என்றால் ஸனதை விட்டுவிட்டு முகத்திமாவை நேராக நிறுவப் போக வேண்டும். நஜீஸ் உதாரணமும் குறுகிய ஸனத்தான். "நஜீஸைக் கழுவவும் நிய்யத் வேண்டும்" என்று யாராவது நிறுவினாலும், எல்லாத் தஹாராவுக்கும் வேண்டும் என்பது அதனால் வராது.

---

வண்ணை தருக்க வாசகர்:

வணக்கம். நான் இந்தத் துறைக்கு வெளியே நிற்பவன், சைவ சித்தாந்தத்துக்காகத் தருக்கம் படிக்கிறவன். மேலே உள்ளதை வாசிக்கும்போது தமிழில் ஏற்கனவே இருக்கிற சில கருவிகள் உங்கள் பயிற்சிக்கு உதவும் என்று படுகிறது.

சிவஞான முனிவர் தமிழில் தந்த தருக்க சங்கிரகத்தில் ஏதுப் போலி, அதாவது பிழையான காரணம், ஐந்து. அதில் அநைகாந்திகம்: "மலை நெருப்புடையது, அறியப்படுவதால்." நெருப்பே இல்லாத மடுவும் அறியப்படுவதுதான், ஏது (காரணம்) இருந்தும் சாத்தியம் (நிறுவ வேண்டியது) இல்லை. தம்பி நக்ழில் ஷாஹித் தேடும்போது செய்வது இதே தேடல். இன்னொன்று சற்பிரதிபக்கம்: ஒரு ஏதுவுக்கு எதிராக, எதிர்ச் சாத்தியத்தை நாட்டும் இன்னொரு ஏதுவை நிறுத்துவது. இது முஆரழாவின் இடம். மணிமேகலையின் 29ஆம் காதையிலும் பக்கம் (நிறுவப்படும் கூற்று), ஏது, திட்டாந்தம் (உதாரணம்), அவற்றின் போலிகள் என்று பௌத்த அளவை முழுவதும் தமிழ்ச் சொல்லில் கிடக்கிறது.

ஆனால் இரண்டையும் ஒன்றென்று கலந்துவிடக் கூடாது. ஏதுப் போலி ஏதுவில் இருக்கும் குற்றத்தின் பெயர். நீங்கள் சொல்லும் மன்உ, நக்ழ், முஆரழா ஒரு ஆள் செய்யும் செயலின் பெயர்கள். யார் எப்போது அதைச் செய்ய உரிமையுள்ளவர் என்பதும் அவற்றோடு சேர்ந்தே வருகிறது. குற்றம் சொல்லாமல் "ஏற்கவில்லை, நிறுவு" என்று மட்டும் நிற்கும் மன்உக்கு ஐந்து போலிக்குள் நேரான இடம் இல்லை. தன் பக்கத்தை நாட்டாமல் மறுத்துக்கொண்டே போவதை நியாய நூல்கள் விதண்டை என்று கடைசி வரிசையில் வைக்கின்றன. ஸாயில் ஒரு முறைக்குள் நின்று அதைச் செய்தால் குற்றமில்லை என்று உங்கள் மரபு இடம் கொடுத்திருக்கிறது. இந்த வித்தியாசத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

---

மூர் வீதி ஆலிமா:

ஐயா சொன்னது மிகச் சரி. அந்த இடம் கொடுத்தலுக்கும் எல்லை உண்டு: வெளிப்படையான பதீஹீயை, பகல் வெளிச்சம் போல் தெரிவதை, மறுத்தால் அது முகாபரா. சபை அத்தோடு கலைய வேண்டும். ஒரு பக்கம் முடிவதும் இரண்டு விதம். முஅல்லிலிடம் பதில் தீர்ந்துபோனால் அது இஃப்ஹாம். ஸாயிலிடம் மறுக்க ஒன்றும் இல்லாமல் போனால் இல்ஸாம். 

முஆரழாவில் ஒரு வகையைத் தனியே காட்ட வேண்டும், கேட்கவே அழகாக இருக்கும்: முஆரழா பில்கல்ப், எதிராளியின் தலீலையே திருப்பிப் பிடிப்பது. தலையை மஸ்ஹு செய்வதில் (ஈரக் கையால் தடவுவதில்) ஹனஃபீ சொல்கிறார்: "அது வுழூவின் ஒரு ருக்னு (அடிப்படைப் பகுதி). ஆகவே 'மஸ்ஹு' என்று பெயர் சொல்லக்கூடிய ஆகக் குறைந்த அளவு போதாது, முகம் கழுவுவதைப் போல." ஷாஃபிஈ அதே காரணத்தையும் அதே உதாரணத்தையும் எடுக்கிறார்: "அது வுழூவின் ஒரு ருக்னு. ஆகவே கால்வாசி என்று அளவு குறிக்கப்படாது, முகம் கழுவுவதைப் போல." தலையில் கால்வாசியைத் தடவ வேண்டும் என்ற ஹனஃபீயின் அளவு போனது. ஆனால் ஷாஃபிஈயின் "ஆகக் குறைந்த அளவு போதும்" இதனால் நிறுவப்படவில்லை. எதை உடைத்தோம், எதை நிறுவினோம் என்பதை எழுதுபவர் இரண்டாகக் குறிக்க வேண்டும்.

தலீலை மட்டும் பயின்றுவிட்டு தஃரீஃபையும் (வரைவிலக்கணம்) தக்ஸீமையும் (பிரித்துக் காட்டுவது) விடாதீர்கள். கிதாபுகளில் அவை சிறிய பகுதி, ஆனால் சபையில் அடிக்கடி வருபவை. நீங்கள் ஓதும் ஃபத்ஹுல் முஈனில் வுழூவின் தஃரீஃப்: குறித்த உறுப்புகளில் நிய்யத்தைக் கொண்டு தொடங்கித் தண்ணீரைப் பயன்படுத்துவது. இதைக் காட்டி "தஃரீஃபிலேயே நிய்யத் இருக்கிறது, ஆகவே நிய்யத் கட்டாயம்" என்று ஒருவர் சொன்னால் அது முஸாதரா. நிறுவ வேண்டியதையே ஆதாரமாக வைத்துவிட்டார். எதிர்ப்பக்கம் "உங்கள் தஃரீஃப் ஜாமிஃ (எல்லாவற்றையும் அடக்குவது) இல்லை, நிய்யத் இல்லாத வுழூ வெளியே போகிறது" என்றால் பதில் எளிது: இது எங்கள் மத்ஹபின் இஸ்திலாஹ் (கலைச்சொல் வழக்கு). இன்னொன்று: தஃரீஃபில் பாரம் தலைகீழ். தஃரீஃப் சொன்னவர் அதை நிறுவக் கடமைப்பட்டவர் இல்லை. குறை சொல்பவர்தான் ஆதாரம் காட்ட வேண்டும்.

தக்ஸீமுக்கு மத்ன் அபீ ஷுஜாஃ என்ற ஷாஃபிஈ நூல் தண்ணீரை நாலாகப் பிரிப்பதை எடுங்கள். "மக்ரூஹான (விரும்பத்தகாத) தண்ணீரும் சுத்தம் செய்வதுதானே, அது முதல் பிரிவுக்குள் அடங்குகிறது, பிறகு ஏன் பக்கத்தில் வைத்தீர்கள்?" என்று கேட்பார்கள். முதல் பிரிவில் "மக்ரூஹ் இல்லாத" என்ற கட்டு இருக்கிறது, அதனால் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று போகாது. கட்டை வாசிக்காமல் பாய்ந்த கேள்வி அது.

இன்னும் ஒரு விஷயம், இதில் மனம் வையுங்கள். ஒரு தலீல் முடிய முன் இன்னொன்றுக்குத் தாவுவது இன்திகால். ஜதல் (வாதம் பற்றிய) கிதாபுகள் அதைத் தோல்வியின் அடையாளமாக எண்ணும். இப்ராஹீம் நபி, இறைவன் "உயிர்ப்பித்து மரணிக்கச் செய்பவன்" என்ற வாதத்திலிருந்து சூரியனைக் காட்டும் வாதத்துக்குப் போனதை (குர்ஆன் 2:258) அதனால்தான் தஃப்ஸீர்களில் (குர்ஆன் விரிவுரைகளில்) நீளமாகப் பேசுகிறார்கள்: எதிரி வார்த்தையை வைத்து மயக்கியபோது, மயக்க முடியாத ஒன்றுக்குப் போனார்கள். தன் இஹ்யா நூலின் கிதாபுல் இல்ம் பகுதியில் இமாம் கஸ்ஸாலீ முனாழராவுக்கு எட்டு நிபந்தனை வைக்கிறார். அதில் ஒன்று: கூட இருந்து உண்மையைத் தேடுபவர் ஒரு தலீலிலிருந்து இன்னொன்றுக்குப் போவதைத் தடுக்காதே. தனிமையில் பேசுவது கூட்டத்தில் பேசுவதை விட உனக்கு விருப்பமாக இருக்கட்டும் என்பதும் அந்த எட்டில் ஒன்று. பயிற்சியில் இன்திகாலைத் தடுங்கள், ஒழுங்கு பழகுவதற்காக. உண்மையான மஸ்அலாவைத் தேடி உட்கார்ந்தால் தடுக்காதீர்கள். எந்த இருக்கை எது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

---

சோனகதெரு மாணவன்:

வண்ணை ஐயாவுக்கும் நன்றி, தருக்க சங்கிரகத்தையும் தேடிப் பார்க்கிறேன். கடைசியாக ஒன்று. இதுவரை கியாஸ் தலீல்தான் வந்தது. முஅல்லில் நேராக "இன்னமல் அஃமாலு பின்னிய்யாத்" (அமல்கள், அதாவது செயல்கள், நிய்யத்தைக் கொண்டே) ஹதீஸை வைத்தால் ஸாயில் எங்கே கை வைக்கிறது? ஹதீஸை "ஏற்கவில்லை" எண்டு சொல்ல ஏலாதே.

---

கிதாப் வாசகர்:

ஹதீஸ் மீது மன்உ வராது தம்பி, ஹதீஸிலிருந்து எடுத்த முகத்திமா மீது வரும். இந்த வித்தியாசத்தை வாயில் தெளிவாகச் சொல்லிப் பழகுங்கள்.

இந்தக் கலையின் பழைய வாய்ப்பாடு ஒன்று: நீ ஒன்றை எடுத்துச் சொல்பவனானால் அது சரியாக வந்ததென்று காட்டு, வாதிடுபவனானால் ஆதாரம் காட்டு. நக்ல் (பிறர் சொன்னதை எடுத்துச் சொல்வது) வந்தால் முதல் கேள்வி தஸ்ஹீஹுன் நக்ல், அதாவது அது சரியாக வந்ததா என்பது. இந்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. தெரிந்துகொண்டும் அதைக் கேட்டால் நேர வீண். ஒரு இமாமின் சொல்லையோ மத்ஹபின் முடிவையோ எடுத்துச் சொல்லும்போது கண்டிப்பாகக் கேளுங்கள். எந்தக் கிதாப், எந்த பாப் (அத்தியாயம்), வார்த்தை என்ன? பெரும்பாலான நக்ல் அங்கேதான் விழும். வார்த்தை சரியாக இருக்கும், ஆனால் அதற்கு முன்னால் இருந்த "ஒரு கவ்லில்" (ஒரு கருத்தின்படி) என்பது விடுபட்டிருக்கும்.

அடுத்தது தலாலா, அதாவது அந்த வார்த்தை எதைக் காட்டுகிறது என்பது. தலீலை விரித்து எழுதினால் இப்படி வரும்: வுழூ ஒரு அமல், எல்லா அமலும் நிய்யத்தைக் கொண்டே, ஆகவே வுழூ நிய்யத்தைக் கொண்டே. "நிய்யத்தைக் கொண்டே" என்பதில் ஒரு சொல் மறைந்திருக்கிறது, ஏனெனில் நிய்யத் இல்லாமலும் அமல் நடந்துவிடுவதைக் கண்ணால் காண்கிறோம். ஷாஃபிஈ அங்கே "கூடுவது" என்று வைக்கிறார். ஹனஃபீ ஸாயில் அந்தப் படியில் மன்உ செய்வார்: "மறைந்த சொல் 'கூடுவது' என்பதை ஏற்கவில்லை, ஏன் 'நன்மை' என்று இருக்கக் கூடாது?" ஒழுங்கான மன்உ, ஸனதோடு. இப்போது முஅல்லில் நஹ்விலிருந்தும் உஸூலிலிருந்தும் (சட்டம் எடுக்கும் விதிகளிலிருந்தும்) நிறுவ வேண்டும். அவர் வழக்கமாகச் சொல்வது: அமலே இல்லை என்று சொல்லும் வார்த்தைக்கு, இருப்பதில் ஆக நெருங்கிய பொருள் "கூடாது" (செல்லுபடியாகாது) என்பது, "நன்மை இல்லை" அதை விடத் தூரம்.

ஸாயில் முஆரழாவும் கொண்டுவரலாம்: வுழூவின் ஆயத் (குர்ஆன் 5:6) கழுவுவதையும் மஸ்ஹையும் சொல்கிறது, நிய்யத்தைப் பெயர் சொல்லிக் கேட்கவில்லை. தனி அறிவிப்பை (சிலர் வழியாக மட்டும் வந்த ஹதீஸை)க் கொண்டு அதன் மேல் ஒரு நிபந்தனையைச் சேர்ப்பது நஸ்ஸின் (மூல வசனத்தின்) மேல் கூட்டுவது, அது நஸ்க் (முன் சட்டத்தை மாற்றுவது), தனி அறிவிப்பால் குர்ஆனை நஸ்க் செய்ய முடியாது. இப்போது அவர் முஅல்லில், நீங்கள் ஸாயில். இந்தத் தலீலில் மூன்று முகத்திமா இருக்கிறது. ஷாஃபிஈ கை வைப்பது நடுவில் உள்ளதில்: "நஸ்ஸின் மேல் கூட்டுவது நஸ்க் என்பதை ஏற்கவில்லை." இந்த இடத்தில் பேச்சு ஃபிக்ஹை விட்டு உஸூலுக்குள் போய்விட்டது. எழுதுபவர் தாளில் ஒரு கோடு போட்டு அதைக் குறித்துவிட்டு அன்றைய இருக்கையை நிறுத்தட்டும். அடுத்த இருக்கைக்கு அந்த நடு முகத்திமாவே தஃவா.